சட்டைப் பையில ஒரு மண்டோர்

டேய் பேராண்டி, புது லெப்டாப்பைத் திறந்ததும் நீ பண்ணின முதல் காரியத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். பக்கம் பக்கமா எழுத்து வந்துச்சு, கீழே ‘சம்மதம்’னு ஒரு பொத்தான். ஒரு வரி படிக்காம அமுக்கிட்ட. கியா ஃபார்ம் சந்தையில அரைக்கிலோ தக்காளிக்கு அரை மணி நேரம் பேரம் பேசறவன் நீ!

எங்க காலத்துல தோட்டத்துல விடிகாலைப் பெரட்டுல கிராணி பேரு கூப்பிட்டு செக்ரோல்ல பதிவாரு. மலை ஏறினா வேலையை மேற்பார்வை பார்க்கிற மண்டோர் முதுகுக்குப் பின்னாடியே நிப்பாரு. எவ எத்தனை கிலோ கொழுந்து எடுத்தா, எவன் ஒதுங்கப் போறேன்னுட்டு பீடி குடிச்சான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனா அவரு மூஞ்சி நமக்குத் தெரியும், அவரு வீடும் தெரியும். கோவம் வந்தா தீபாவளிக்கு முறுக்கு குடுக்காம விட்டுடலாம். நீ சம்மதம் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கிற மண்டோருக்கு மூஞ்சியே கிடையாது.

நான் சொன்னா நம்பமாட்டே, படிச்சவன் சொல்றதைக் கேளு. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில டக்ளஸ் லீத்னு ஒரு பேராசிரியர் 2021-ல சோதிச்சாரு. மேசைமேல சும்மா கிடக்கிற ஆண்ட்ராய்டும் ஐபோனும்கூட சராசரியா நாலரை நிமிஷத்துக்கு ஒருதரம் முதலாளிக்குத் தகவல் அனுப்புதாம். நீ குறட்டை விடறப்பவும் வேலை. ஓவர்டைம் காசு யாரு குடுக்கிறாங்களோ!

லெப்டாப்பும் சளைச்சதில்லை. விண்டோஸ் 10 என்னென்ன எடுக்குது, எதுக்கு எடுக்குதுன்னு ஜனங்களுக்குத் தெளிவாச் சொல்லலைன்னு 2017-ல நெதர்லாந்து தரவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லுச்சு. இப்ப ‘தேவையான’ தகவல், ‘விருப்பத்’ தகவல்னு ரெண்டு வகை. ரெண்டாவதை நிறுத்தலாம். முதலாவதை வீட்டுப் பதிப்புல நிறுத்த முடியாது. யாருக்குத் தேவைன்னு கேட்டுடாதே, புது லெப்டாப் கோவிச்சுக்கும்.

கூகுள் கதை இன்னும் ருசி. இருப்பிட வரலாற்றை அணைச்சுட்டோம்னு நிம்மதியா இருந்தவங்க இருப்பிடத்தையும் வேறொரு அமைப்பு வழியா அது சேர்த்து வச்சிருந்துச்சு. 2018-ல ஏபி செய்தி நிறுவனம் போட்டு உடைச்சுது. 2022 நவம்பர்ல அமெரிக்காவுல 40 மாநிலங்களுக்கு 39 கோடியே 15 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. போன வாரம் பிரிஞ்சாங் பாசார் மாலாமுக்கு நீ யாரோட போனேன்னு உங்கம்மாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டியவனுக்குத் தெரியும்.

‘எங்கிட்ட மறைக்க என்ன தாத்தா இருக்கு’ன்னு இளிக்காதே. 2017 அக்டோபர்ல நம்ம மலேசியாவுல 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்ணுங்க கசிஞ்சது தெரிஞ்சுச்சு, பேரு, ஐசி நம்பர், விலாசத்தோட. நாட்டு ஜனமே மூணு கோடிச் சொச்சம்தான். தொட்டில் பிள்ளையையும் சேர்த்து ஆளுக்கு ஒண்ணரை நம்பர் போச்சு. அது லெப்டாப்புல போனதில்லை, போன் கம்பெனிக் கணக்குல போனது. ஆனா ஒருத்தன் சேர்த்து வச்சதாலதானே ஒழுகுச்சு?

சட்டம் இல்லாம இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ல போட்டாங்க, 2013 நவம்பர்ல அமலுக்கு வந்துச்சு. மத்திய, மாநில அரசாங்கத்துக்கு மட்டும் பொருந்தாது, சாமர்த்தியத்தைப் பாரு. ஒழுகினா ஒழுகிடுச்சுன்னு சொல்லியே ஆகணும்ங்கிறது 2025 ஜூன்லதான் கட்டாயமாச்சு.

அதுக்காகக் குப்பையில போட்டுடாதே, அத்தனை வெள்ளி போட்டு வாங்கினது, உங்கப்பன் அழுவான். தனியுரிமைப் பக்கத்தைத் திற. விருப்பத் தகவலை அணை, விளம்பர அடையாளத்தை அணை. வானிலை சொல்ற செயலிக்கு மைக் எதுக்கு? திரிங்காப்புல மழை பெய்யுதான்னு சன்னலைத் திறந்தா தெரியாதா? டார்ச் லைட்டு உன் நண்பர் பட்டியலைக் கேக்குதே, அது யாருக்குப் போன் பண்ணப் போகுது?

ரொம்பத் துணிச்சல்காரன்னா லினக்ஸ் போடு. பிரிண்டர் வேலை செய்யலைன்னு மட்டும் எங்கிட்ட வந்து நிக்காதே.