பீங்கான் ஊர்ப் பூனைகள்: கேள்வி-பதில்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வந்த இந்த வாரக் கேள்விகள் எல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான். அந்த ஆளுக்கு நாலு கால்.

கே: சலித்துக் காயப்போட்ட மண்ணில் தினமும் பூனை அசிங்கம் பண்ணிவிட்டுப் போகிறது. இத்தனை பெரிய ஊரில் வேறு இடமா இல்லை? (பட்டறைக்காரர்)

ப: கல், முள் இல்லாமல் பொலபொலவென்று நீங்களே சலித்து வைத்திருக்கிறீர்கள். அதை விட்டுவிட்டு மணிமுத்தாற்றங்கரைக்கா நடந்து போகும்? கழித்ததை மூடி வாடையை மறைப்பது பூனையின் பிறவிக் குணம். இதை வைத்தே அமெரிக்காவில் ஒருவர் கோடீஸ்வரர் ஆனார். மிச்சிகனில் 1947-இல் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் பூனைக்காக எட்வர்ட் லோ என்பவரிடம் மணல் கேட்டு வந்தார். அதுவரை அவர் சாம்பல் போட்டு வந்ததில் வீடெல்லாம் கரித்தடம். லோ எடுத்துக் கொடுத்தது ஈரம் உறிஞ்சும் களிமண் துகள். பிறகு அதையே பை பையாக விற்றார். அங்கே காசு கொடுத்து வாங்குவதை உங்கள் பூனை ஓசியில் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மண்ணைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். ஒரு மூலையில் பழைய தட்டில் மணல் வையுங்கள். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் சீந்தாது.

கே: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவதே இல்லை. காது மந்தமா?

ப: நன்றாகவே கேட்கும். ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வேறு நான்கு சொற்களைச் சொல்லிச் சலிக்க வைத்துவிட்டு அதன் பெயரைச் சொன்னார்கள். காதும் தலையும் அசைந்தன. பெயர் தெரிகிறது, வருவதா வேண்டாமா என்பது அதன் சொந்த விஷயம்.

கே: வர்ணம் பூசி அடுக்கிய கொலு பொம்மைகளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளுகிறது. பழிவாங்குகிறதா?

ப: சின்னப் பொருளைப் பாதத்தால் தட்டிப் பார்ப்பது வேட்டைப் புத்தி. எலி செத்ததா, இன்னும் கடிக்குமா என்று தெரிய வேண்டாமா? முதல் பொம்மை அப்படித்தான் விழுந்தது. உடனே ‘ஐயையோ’ என்று ஓடி வந்தீர்கள் பாருங்கள், இரண்டாவது பொம்மை அதற்காக. அடுத்த முறை அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். செட்டியார் பொம்மையை மட்டும் முதலில் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

கே: சாப்பிட உட்கார்ந்தால் காலைச் சுற்றிச் சுற்றி உரசுகிறது. பாசமா, பசியா?

ப: மீன் குழம்பா, ரசமா என்பதைப் பொறுத்தது! கன்னத்திலும் நெற்றியிலும் வாலடியிலும் வாடைச் சுரப்பிகள் உண்டு; ‘இது நம்ம ஆள்’ என்று உங்கள் காலில் முத்திரை வைக்கிறது. வாலை நிமிர்த்தி வருவது குட்டி தாயிடம் வருகிற முறை. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ என்பது அபூர்வம். அதை நமக்கென்றே வைத்திருக்கின்றன. சோறு கேட்கும்போது போடுகிற ‘குர்ர்’ சத்தத்துக்குள் கைக்குழந்தையின் அழுகை போன்ற ஒரு சுருதி ஒளிந்திருப்பதை 2009-இல் கரென் மெக்காம்ப் குழு கண்டுபிடித்தது. எழுந்து போய்ச் சோறு வைக்காமல் இருக்க முடியுமா?

கே: உற்றுப் பார்த்து, மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கிறதே?

ப: நீங்களும் அப்படியே செய்யுங்கள். பழக்கமில்லாத ஆள் செய்தாலும் பூனை நெருங்கி வருகிறது என்கிறது இங்கிலாந்தில் நடந்த 2020 ஆய்வு. பேருந்து நிலையத்தில் மனிதர்களிடம் பரீட்சை வேண்டாம்.

கே: நாய்க்கு இருக்கும் நன்றி இதற்கு ஏன் இல்லை?

ப: தானியக் குதிருக்கு எலி வந்தது, எலிக்காகப் பூனை வந்தது. மேற்கு ஆசியாவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஏற்பாடு இது. நெல்லைக் காத்ததற்கு நாம் எப்போது நன்றி சொன்னோம்?

கே: இந்த வெயிலிலும் சூளை ஓரத்தில்தான் தூங்குகிறது. பைத்தியமா?

ப: அதன் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப் பூனை. நமக்கு வியர்த்துக் கொட்டும் 30 முதல் 38 டிகிரி வரை அதன் உடம்புக்குச் சுகமான சூடு. ஆறிக்கொண்டிருக்கும் சூளை கிடைத்தால் விடுமா? அதனால் ஒரு வேண்டுகோள்: அடுத்த லோடு ஏற்றிக் கதவைச் சாத்துமுன் உள்ளே மூலை வரை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.