நடக்கிற தூரம்தான்

தருமபுரியில் எதுவுமே தூரமில்லை என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமை பேசுகிறவன் நான். 33 வார்டு, பன்னிரண்டு சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிற ஊர். நாலு ரோட்டில் நின்றுகொண்டு சேலம் பக்கமோ பென்னாகரம் பக்கமோ கையைக் காட்டி, “இதோ, நடக்கிற தூரம்தான்” என்று தாராளமாகச் சொல்லலாம். சொல்லிவிட்டு நான் வண்டியை உதைத்துக் கிளம்பிவிடுவேன். தெருமுனைக் கடையில் தயிர் பாக்கெட் வாங்குவதும் வண்டியில்தான். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே ரொம்ப நாளாகிறது. ஹாரன் கேட்டதும் பாக்கெட் தானாக நீள்கிறது.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடங்க சார் என்று டாக்டர் சொன்னார். ஷூ வாங்கினேன். தினம் பத்தாயிரம் அடி என்று போனில் குறி வைத்தேன். அந்தப் பத்தாயிரம் எந்த வைத்திய சாஸ்திரத்திலிருந்தும் வந்ததில்லையாம். 1965-இல் ஜப்பானிய கடிகாரக் கம்பெனியான யமாசா, அடி எண்ணும் கருவியை விற்பதற்காக வைத்த பெயரில் இருந்த எண். இதைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சமல்ல. விளம்பரத்துக்கெல்லாம் நான் மயங்குவதில்லை என்று வீட்டில் அறிவித்தேன். ஆனால் போன் விடவில்லை. மேடு பள்ளமான ரோட்டில் வண்டி குலுங்கியதையெல்லாம் அது அடிக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. நானும் மறுக்கவில்லை.

தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியபோது, வாட்ஸ்ஆப்பில் அந்தச் செய்தியைத் தெருவில் முதலில் பகிர்ந்தவன் நான்தான். என் பங்களிப்பு அதோடு முடிந்தது.

நடைக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இது தகடூராக இருந்த காலத்தில் அதியமானைப் பார்க்க அவ்வை வந்தாளே, ஸ்டாண்டு போட இடம் தேடியா வந்தாள்? பரிசில் தரத் தாமதமானதும் வாயிற்காவலனிடமே சீறினாள் என்கிறது புறநானூறு. காலை நம்பி வந்தவர்களுக்குத்தான் அந்த ரோஷம் சரிப்படும். நான் கோபித்துக்கொண்டு வெளியே வந்தால் வண்டிச் சாவியை எடுக்க மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும்.

ஒரு பகுதியில் நடப்பது எவ்வளவு சௌகரியம் என்று அங்கே குடியிருப்பவர்கள் நினைக்கிறார்கள்? இதை அளக்க ஒரு கேள்வித்தாளே இருக்கிறது. அமெரிக்காவில் 2003-இல் வந்தது. சுருக்கப் பெயர் ‘நியூஸ்’. தீப்தி அட்லகா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அதை நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றி, சென்னைவாசிகள் 370 பேரிடம் கேட்டு, 2016-இல் வெளியிட்டார்கள். கடை, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம் எல்லாம் நடந்தால் எத்தனை நிமிஷம், பிளாட்பாரம் உண்டா, போக்குவரத்து பயமுறுத்துகிறதா, ராத்திரியில் வெளிச்சம் இருக்கிறதா என்கிற மாதிரிக் கேள்விகள். டேப்பை வைத்து ரோட்டை அளப்பது வேறு, ஆள் மனசில் ரோடு எப்படி இருக்கிறது என்று அளப்பது வேறு. இதைப் படித்ததும் எங்கள் தெருவுக்கு நானே பதில் எழுத உட்கார்ந்தேன். கருத்து சொல்ல என்னைவிடத் தகுதியானவன் யார்?

முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். காய்கறிக் கடை எவ்வளவு நேரம்? ‘5 நிமிஷத்துக்குள்’ என்று டிக் அடித்தேன். எட்டிப் பார்த்த மனைவி, “அது உங்க வண்டிக்கு. நடந்தா பன்னெண்டு நிமிஷம். பை கனத்தா திரும்பி வர இருபது. நடுவுல அந்த ஆடுற கல்லுகிட்ட இறங்கி ஏறணும்” என்றாள். எந்தக் கல்? சாக்கடை மேல் மூடியிருக்கும் பலகைக் கல்லில் ஒன்று, கால் வைத்ததும் ‘டக்’கென்று சாய்ந்து, ஓரத்திலிருந்து கறுப்புத் தண்ணீரைப் புடவை மேல் தெளிக்குமாம். பல வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், எனக்கு அந்தக் கல்லோடு அறிமுகமே இல்லை. “அந்தத் தாள்ல ‘தெரியாது’ன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, நீங்க அதுல போடுங்க” என்றாள்.

ரோஷத்தில் அன்றைக்குச் சாயங்காலம் நடந்தே கிளம்பினேன். எங்கள் தெரு நாய்களுக்கு என் வண்டிச் சத்தம் அத்துப்படி, தலையைக்கூடத் தூக்காது. வண்டியில்லாமல் போன ஆளை அவற்றுக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்று நாய்கள் சேர்ந்து தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டன. பத்தாம் நம்பர் வீட்டுப் பாட்டி, “அது நம்ம தம்பிதான், விடு” என்று சிபாரிசு செய்த பிறகுதான் வழி கிடைத்தது.

மெயின் ரோட்டுப் பிளாட்பாரத்தைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயங்கள் உண்டு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 2012 வழிகாட்டி, தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றது. இங்கே முழங்கால் உயரத்துக்கு ஏறினால் இளநீர் வண்டி, இறங்கினால் ஷேர் ஆட்டோ, நடுவில் கொடிக்கம்பம். நல்ல நடைபாதை குடிமகனின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்ன செய்தியை டீக்கடை வாசலில் சத்தமாகப் படித்துக்காட்டி, “கேட்டீங்களா அண்ணா!” என்று நியாயம் பேசினேன். நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தது பிளாட்பாரத்தின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்த என் வண்டியில். அண்ணன் கிளாஸைக் கழுவிக்கொண்டே வண்டியை ஒரு பார்வை பார்த்தார். கூட ஒரு பிஸ்கட் சொன்னேன்.

கேள்வித்தாளில் ‘நடப்பதற்கு இடைஞ்சல்கள்’ என்ற இடத்தில் ‘மிகவும் ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தி எழுதியிருந்தேன். அதில் எங்கள் வீட்டு வாசலைச் சேர்க்கவில்லை. வண்டி ஏற்றச் சாக்கடையைத் தாண்டி ரோட்டுக்குள் நீளமாக ஒரு சிமென்ட் சறுக்கு போட்டிருக்கிறேன். வழுக்காமல் இருக்கக் கோடு கீறி, ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்தது. பாட்டி அங்கே வந்ததும் சுவரைப் பிடித்த கையை விட்டுவிட்டு, நட்டநடு ரோட்டில் இறங்கிச் சுற்றிக்கொண்டு, மறுபடி சுவரைப் பிடிக்கிறாள். சறுக்கு போட்ட காலத்திலிருந்தே அப்படித்தானாம். நடந்த அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “உடைக்கிறது அரைநாள் வேலைங்க. வண்டிய எங்க ஏத்துவீங்க?” என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். எதிர்வீட்டுக்காரர் தன்னுடையதை உடைத்தால் நானும் உடைக்கத் தயார் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவரும் அதையேதான் என்னிடம் சொல்லியிருக்கிறார்.