மேற்பார்வைக்கு முதல்நாள் குழு பிரிப்பது எப்படி

தர்மபுரத்துக்கு நியமனம் கிடைத்து வந்திருக்கும் புதிய சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும் இது. பரந்தன் சந்தியில் பஸ் மாறி, முல்லைத்தீவு வீதியில் ஜன்னலோரம் தூங்கி விழுந்து வந்து இறங்கியிருப்பீர்கள். இறங்கியதும் யாராவது காதுக்குள் சொல்லியிருப்பார்கள்: "நாளைக்கு மேற்பார்வை. வகுப்பெல்லாம் குழு முறையில நடக்கவேணும்." பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளைக் குழுவாக இருத்துவது மிகச் சுலபம். அப்படி இருத்தியும் அவர்கள் ஒன்றும் படித்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும்.

முதலில் சாமான்கள். டிமைத் தாள் ஆறு. மார்க்கர் பேனை நாலு நிறத்தில். அதில் இரண்டு காய்ந்துபோயிருந்தாலும் நல்லதுதான். மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதும் மணந்து பார்ப்பதுமாக ஒரு பிள்ளைக்குப் பாடவேளை போய்விடும். ஒட்டுநாடா ஒன்று. பாடக்குறிப்பில் 'மாணவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டுச் செயற்பாட்டில் ஈடுபடுத்தப்படுவர்' என்று ஒரு வசனம். 2007 இல் தேர்ச்சி மையப் பாடத்திட்டமும் ஐந்து 'ஈ' முறையும் வந்ததிலிருந்து நாடு முழுக்க நாங்கள் இந்த வசனத்தை எழுதிவருகிறோம். ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல் என்று ஐந்து படிகள். ஒரு பாடவேளைக்குள் ஐந்து படியும் ஏற முடியுமா என்று கேட்காதீர்கள். கண்டறிதலில் மணி அடித்துவிட்டால், மிச்ச மூன்றையும் குறிப்புப் புத்தகத்தில் ஏறிக்கொள்ளலாம்.

இனிக் குழு. ஒரு குழுவுக்கு நாலு பேர் போதும் என்று இந்த விஷயத்தை ஆராய்ந்தவர்களில் பலர் சொல்வார்கள். காதில் போடாதீர்கள். நாலு பேர் இருந்தால் ஒருவருக்கும் ஒளிய இடமில்லை. ஆறு பேர் என்றால் இரண்டு பேர் எழுதுவார்கள், இரண்டு பேர் பார்ப்பார்கள், மற்ற இருவரும் நிம்மதியாக இருக்கலாம். மக்சிமிலியன் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து, ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடுகிற பலம் குறைகிறது என்று 1913 இல் எழுதிவைத்தார். அவர் பாவம், எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு ஒருநாள் வந்து, வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நடக்கிறவர்களை எண்ணியிருந்தால் கருவி செய்கிற செலவாவது மிஞ்சியிருக்கும்.

பொறுப்புகளைப் பிரித்துக் கொடுக்கும்போது அவரவர் ஏற்கெனவே செய்யக்கூடியதையே கொடுங்கள். எழுத்து வடிவான பிள்ளைதான் எப்போதும் எழுதவேண்டும். வாய்க்காரன்தான் முன்னுக்கு வந்து சமர்ப்பிக்கவேண்டும். ரியூசனில் அந்த அலகை முடித்துவிட்டு வந்தவள் விடை சொல்லவேண்டும். மெல்லக் கற்கிற பிள்ளை டிமைத் தாளின் மூலையைக் காற்றுக்குப் பறக்காமல் பிடித்துக்கொள்ளட்டும். அவன் இரண்டு வருடமாக மூலை பிடிக்கிறான், இதுவரை ஒரு தாளும் பறந்ததில்லை.

தரம் 7, பின்னங்கள், 1/2 + 1/3 என்று வைத்துக்கொள்வோம். ரியூசன்காரி பார்த்த உடனே "ஆறில அஞ்சு" என்கிறாள். வடிவான எழுத்துக்காரி அதைச் சிவப்பில் எழுதி, நீலத்தில் பெட்டி கட்டி, நாலு மூலையிலும் பூப் போடுகிறாள். மற்றவர்கள் கொப்பியில் பார்த்து எழுதுகிறார்கள். வாய்க்காரன் வந்து, "எமது குழுவின் விடை ஆறில் ஐந்து" என்று கத்துகிறான். எல்லாரும் கை தட்டுகிறோம். ஆறு கொப்பியிலும் சரியான விடை. ஆறு பேரையும் தனித்தனியே கூப்பிட்டு 1/4 + 1/3 என்ன என்று கேட்டால் என்ன நடக்கும்? அதனால்தான் கேட்கக்கூடாது.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மூலை பிடிக்கிறவன் திடீரென்று வாயைத் திறப்பான்.

"மேல ஒண்டும் ஒண்டும் ரெண்டு. கீழ ரெண்டும் மூண்டும் அஞ்சு. அஞ்சில ரெண்டு எண்டு போட்டா என்ன?"

ரியூசன்காரி முதலில் சிரிப்பாள். பிறகு அவளுக்கே பதில் தெரியாது என்பது அவள் முகத்தில் தெரியும். ரியூசனில் பொதுப்பகுதி எடுக்கச் சொன்னார்கள், ஏன் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேனையைக் கடிப்பாள்.

"பொறு. அஞ்சில ரெண்டு அரைவாசியிலும் குறைவெல்லோ? அரைப் பாண் இருக்கு, அதோட இன்னும் மூண்டில ஒரு பங்கு சேர்க்கிறாய். சேர்த்த பிறகு அரைப் பாணிலும் குறையுமோ?"

"குறையாது."

"அப்ப உன்ர கணக்கு பிழை."

"சரி, அப்ப ஆறு எங்கயிருந்து வந்தது?"

இந்த இடத்தில் நீங்கள் உடனே தலையிடவேண்டும். "என்ன அங்க சத்தம்? நேரம் போகுது, எழுதுங்கோ!" என்று ஒரு அதட்டல் போதும். விட்டுவிட்டால், பாணை ஆறு துண்டாக வெட்டினால்தான் அரையையும் மூன்றில் ஒன்றையும் முழுத் துண்டுகளாக எண்ணலாம் என்பதை அவள் கீறிக் காட்டிவிடுவாள். அவனுக்கு விளங்கிவிடும். அதைவிட மோசம், அவளுக்கும் விளங்கிவிடும். நோரீன் வெப் என்ற அமெரிக்க ஆய்வாளர், குழுவுக்குள் பிள்ளைகள் ஆளுக்காள் என்ன கதைக்கிறார்கள் என்று வருடக்கணக்காகக் காது கொடுத்துக் கேட்டவர். விரித்து விளக்கம் சொல்லுகிற பிள்ளை நன்றாக முன்னேறுகிறது. வெறும் விடையை மட்டும் வாங்கி எழுதுகிற பிள்ளைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவர் கண்டது. 'என்ர பிள்ளை மற்றப் பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுத்து நேரத்தை வீணாக்குது' என்று அம்மாமார் முறைப்பாடு கொண்டுவருவார்கள். தலையாட்டுங்கள். வெப்பின் கதையை அவர்களிடம் எடுத்துவிடாதீர்கள்.

புள்ளி போடும் விதத்தை மட்டும் பிழைக்காமல் செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகக் கெடும். குழுவுக்கு ஒரே புள்ளி, அதுவும் டிமைத் தாளுக்கு. பூப் போட்ட தாளுக்குப் பத்துக்கு ஒன்பது. எந்தக் காரணம் கொண்டும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ரொபட் ஸ்லேவின் சொன்ன வழிக்குப் போகாதீர்கள். அவர் வழி இப்படி: ஆசிரியர் வழமைபோலப் படிப்பிக்கிறார். கெட்டிக்காரர், நடுத்தரம், மெல்லக் கற்பவர் கலந்த நாலு பேர் ஒன்றாக இருந்து பயிற்சி செய்கிறார்கள். பிறகு கதிரைகளைப் பிரித்துப்போட்டு ஒவ்வொருவருக்கும் தனியாகச் சோதனை, பக்கத்தில் எட்டிப்பார்க்கக்கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் பழைய சராசரியிலிருந்து எவ்வளவு ஏறியது என்று பார்த்துக் குழுவுக்குப் புள்ளி. பத்துக்கு மேல் ஏறினால் 30. அதற்குள் ஏறினால் 20. எப்போதும் 92 எடுப்பவள் 94 எடுத்தால் குழுவுக்கு 20 தான் கொண்டுவருகிறாள். எப்போதும் 28 எடுக்கிற மூலை பிடிப்பவன் 40 எடுத்தால் 30 கொண்டுவருகிறான்!

இப்படிக் கணக்கு வந்தால் வகுப்பின் ஒழுங்கே குழம்பிவிடும். 92 காரிக்கு 28 காரன்மேல் அக்கறை வரும். இடைவேளையில்கூட "உனக்கு ஏழாம் கணக்கு விளங்கினதோ?" என்று துரத்துவாள். விடையைச் சொல்லிக்கொடுத்து ஒரு லாபமும் இல்லை, சோதனையில் அவன் தனியாகத்தானே இருக்கப்போகிறான். அதனால் விளங்கப்படுத்தியே ஆகவேண்டும். குறைந்தது நாலு கிழமை நடந்த ஆய்வுகளை மட்டும் ஸ்லேவின் 1995 இல் தொகுத்துப் பார்த்தார். தனித்தனிப் பிள்ளையின் கற்றலைக் கூட்டிக் குழுவுக்குப் பரிசு கொடுத்த 64 ஆய்வுகளில் 50 இல் பெறுபேறு தெளிவாக உயர்ந்திருந்தது. ஒன்றிலும் இறங்கவில்லை. குழுவாக இருத்தி ஒரே தாளுக்குப் புள்ளி போட்ட வகுப்புகளில் கிடைத்த வித்தியாசம் அநேகமாக ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லைதான் எங்கள் இலக்கு. அதை விட்டு விலகாதீர்கள்.

நியாயமாகச் சொல்லப்போனால் ஸ்லேவினுக்கு என்ன, அவர் யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் முப்பத்தைந்து தாள் திருத்தி, பழைய சராசரியோடு ஒப்பிட்டு, குழுப் புள்ளி கூட்டுவது லேசான வேலையில்லை. அதற்கான நேரத்தை நேரசூசியில் யாரும் போட்டுத்தரவுமில்லை. டிமைத் தாள் மட்டும் கேட்டால் கிடைக்கும்.

யார் யாரோடு இருப்பது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். சிநேகிதப்படி இருந்துகொள்வார்கள், சத்தமும் குறையும். தர்மபுரத்தில் இது நன்றாக வேலை செய்யும். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், 2010 இல் மீளக்குடியேறும்போது இங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று பல ஊர்ச் சனம் சேர்ந்த ஊர் இது. யார் யாரோடு இருப்பார்கள் என்பதை ஊர் ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிறது. உங்களுக்கு வேலை மிச்சம். 1971 இல் டெக்சஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் எலியட் அரன்சன் என்ற உளவியலாளருக்கு இந்த நிம்மதி கிடைக்கவில்லை. கறுப்பு, வெள்ளை, மெக்சிக்கோ வம்சத்துப் பிள்ளைகளைச் சட்டம் ஒரே வகுப்பில் கொண்டுவந்து இருத்திவிட்டது, அடிபாடு. அவர் பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். சோதனைக்கு முழுப்பாடமும் வரும்; மற்றத் துண்டுகளைக் கேட்டுத்தான் படிக்கவேண்டும். நேற்றுவரை எல்லாரும் பழித்த, திக்கித் திக்கிப் பேசிய பிள்ளை வாயைத் திறக்கும்போது மற்றவர்கள் வாயை மூடிக் காதைக் கொடுக்கவேண்டி வந்தது. வரலாறு படிப்பிக்கிற ரீச்சர் ஒருவருக்கு இதைச் செய்துபார்க்க ஆசை வரலாம். முதலில் பெற்றோர் சங்கத்துக் கூட்டத்தில் யார் யார் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் ஆளுக்காள் குறிப்பை ஒளித்து வைத்தால் கண்டும் காணாமல் இருங்கள். அது கெட்ட குணமல்ல, படித்துக்கொண்ட குணம். தரம் 5 புலமைப்பரிசிலுக்கு வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் என்று ஏழெட்டு வயதிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமை, 55 வீதம் மாவட்டப் பங்கு, கிளிநொச்சியையும் சேர்த்துப் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு இன்னும் 5 வீதம் என்ற கணக்கு வீட்டுக்கு வீடு தெரியும். மாவட்டப் பங்கு என்றால் போட்டி மாவட்டத்துக்குள். அப்படியென்றால் எதிரி கொழும்பில் இல்லை, அடுத்த வாங்கில் இருக்கிறான். இந்தக் கணக்கில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது. அடுத்த வாங்கில் இருப்பவன் சாதாரண தரக் கணிதத்தில் டபிள்யூ எடுத்துவிட்டு மேசன் வேலைக்குப் போகப்போகிறவன். அவனிடமிருந்து ஒளித்த குறிப்பால் ஒருவருடைய இசட் புள்ளியும் ஒரு தசமம்கூட ஏறப்போவதில்லை. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்.

இன்னொரு சிக்கல், வன்னிக்குக் குழுவாகப் படிக்கிற முறை புதிதல்ல. 2008 கடைசியில் போரில் கிளிநொச்சிச் சனமெல்லாம் இந்த முல்லைத்தீவு வீதி வழியே தர்மபுரம், விசுவமடு என்று இடம்பெயர்ந்து வந்தது; 2009 ஜனவரி நடுப்பகுதியில் தர்மபுரமும் எழும்பிப் போனது. அந்த வருடம் ஓகஸ்ட்டில் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் உயர்தரப் பரீட்சை நடந்தது. கொப்பி புத்தகத்தை வழியெல்லாம் விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் எழுதினார்கள். தெரிந்ததைத் தெரிந்தவன் சொல்ல, மற்றவன் கேட்பதைத் தவிர வேறு படிப்பு அங்கே என்ன இருந்திருக்கும்? அவர்களில் சிலர் இன்று உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன். பெற்றோர் கூட்டத்தில் குழுக் கற்றலைப் பற்றி நீங்கள் புதிதாக விளக்கும்போது அவர்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நன்றாகக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மேற்பார்வையாளர் வந்ததும் தாள்கள் சுவரில் இருக்கவேண்டும். அவர் தாளைத்தான் பார்ப்பார். மூலை பிடிப்பவனை எழுப்பி ஒரு கேள்வி கேட்கிற ஆள் எப்போதாவது வருவது உண்டு. அப்படிப்பட்டவர் என்று தெரிந்தால் அவனை அன்றைக்குத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிடுங்கள். குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பத்தியில் 'மாணவர் ஆர்வத்துடன் பங்குபற்றினர்' என்று எழுதுங்கள். பொய்யில்லை, மார்க்கர் மணந்தவன் உட்பட எல்லாரும் ஆர்வமாகத்தான் இருந்தார்கள்.

அவர் போனபிறகு தாள்களைக் கிழியாமல் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வையுங்கள். கறையான் எடுக்காவிட்டால் அடுத்த வருடத்துக்கும் உதவும். திகதியை மட்டும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.