தொட்டியில நிக்கிற சங்கதி

ஏ மருமவனே, டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் வாங்க வந்துட்டு, எலுமிச்சைய ஒட்டுக்கட்டக் குளிர் தாங்குற சீமை வேர்க்கன்னு கிடைக்குமான்னு கறிவேப்பிலைக் கடைக்காரன்கிட்ட கேக்கியே, நீ பெரிய ஆளுதாம்லே! எதுத்த மீன்கடைக்காரன் வெட்டுறத நிப்பாட்டிட்டு உன்னையே பாக்கான்.

உன் எலுமிச்சையக் குளிரு கொன்னுட்டுதோ? இந்தா, பக்கத்துல சப்தர்ஜங். அங்க பதிவான ஆகக் கடுங்குளிரே 1935 ஜனவரியில மைனஸ் 0.6 டிகிரி. அன்னைக்கு உங்க அப்பனே பொறக்கல. இப்பத்த மூணு நாலு டிகிரிக்குக் கொழுந்து கருகும், மரம் சாகாது.

நீ கேக்க மூவிலை ஆரஞ்சு ஜப்பான்காரனுக்கு ஆகும். சத்சுமா ஆரஞ்ச அதுமேலதான் ஒட்டுதான். குளிர்காலத்துல இலைய உதுத்துட்டுத் தானும் தூங்கும், மேல இருக்கத அடக்கி வைக்கும். ஆனா சுண்ணாம்பு மண்ணு அதுக்கு எமன். டில்லி மண்ணுல இரும்புச் சத்த இழுக்க மாட்டாம, நரம்பு மட்டும் பச்சையா, இலை மஞ்சக்காமாலை கண்டாப்புல நிக்கும். நீயும் அதுக்குக் கம்பளி போத்திக்கிட்டு இருப்ப.

பஞ்சாப்காரன் விவரமானவன். இந்தக் குமிச்சுக் கிடக்க கின்னோ ஆரஞ்ச ‘ஜட்டி கட்டி’ங்கிற முரட்டு எலுமிச்சை வேருலதான் மொட்டு கட்டுதான். சிரிக்காதலே, பேரே அதான்!

சரி, உன் பால்கனித் தொட்டிய நேத்துப் பாத்தேன். ஒட்டுக்குக் கீழருந்து ஊசி ஊசியா முள்ளோட ஒரு கொம்பு ஆளுசரத்துக்கு நிக்கி. அதத்தானே ‘நல்லா வளருது மாமா’ன்னு போட்டோ எடுத்து அனுப்புன? மேல இருந்த நல்ல சாதி பட்டினி கெடந்து செத்துது. அப்பமே கிள்ளி எறிஞ்சிருக்கணும். உரத்தையும் தண்ணியையும் வேர்க்கன்னுக்குல்லா ஊட்டி வளத்திருக்க! நர்சரிக்காரன் ஒட்டுன வேரு உன் வீட்டுலயே கொழுகொழுன்னு இருக்கு, நீ மார்க்கெட்டுல தேடுத.

பிப்ரவரி கடைசியில, பட்டை வழுவழுன்னு உரியுத சமயம் கூப்பிடு. அதே முள்ளுக்கொம்புல பென்சில் பருமனான இடம் பாத்து, ‘டி’ எழுத்தாட்டம் கீறி, நல்ல எலுமிச்சைக் கண்ணு ஒண்ணச் சொருகி, கண்ணு மட்டும் வெளிய தெரிய நாடாவால சுத்திருவோம். பழசக் கழிச்சுட்டு, கண்ணுக்குக் கீழ முளைக்கத எல்லாம் வாரா வாரம் கிள்ளணும். அத மட்டும் போட்டோ எடுக்காத, கிள்ளு.

அதுவரைக்கும் ஊறுகாய்க்கு எலுமிச்சை இங்கனயே கூடை கூடையா இருக்கு. பைசாவ எடு.