விக்டர் யாரு, மாப்பிள்ளை?

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாவனதுர்க்க மலையுச்சியில் எனக்கு நேர்ந்த அவமானத்தை எண்ணும்போது முழங்கால் வலி அற்பமாகத் தோன்றுவதால், கோபம் ஆறுவதற்குள் அதை எழுதிவிடுவதே உசிதம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முந்தின இரவு மஞ்சனபெலே நீர்த்தேக்கத்தருகே ஒரு தோப்பில் நாங்கள் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தோம்.

ஓர் இரவு வெளியில் தங்குவதற்கு நம்மவர்கள் என்னென்ன கட்டிக்கொண்டு புறப்படுவார்கள் என்பதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. மல்லேஸ்வரத்திலிருந்து கிளம்பிய எங்கள் காரில், புளியோதரைத் தூக்குக்கும் ஜமக்காளத்துக்கும் நடுவே, என் பங்காக ஓர் அமெச்சூர் வானொலிப் பெட்டி, பன்னிரண்டு வோல்ட் பாட்டரி, இருபது மீட்டர் கம்பி, அக்கம்பியைத் தூக்கி நிறுத்த ஒரு மடக்குத் தூண்டிற்கழி ஆகியவையும் இருந்தன.

வானொலியில் எழுத்துகள் குழம்பாதிருக்க ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் என்பது உலக வழக்கு. இந்திய அழைப்புக்குறிகள் பெரும்பாலும் வி, யூ என்று தொடங்குவதால், 'விக்டர் யூனிஃபார்ம்' என்று கூவாமல் 'ஹாம்' எனப்படும் இந்நாட்டு அமெச்சூர் வானொலிக்காரர் எவரும் வாய்திறக்க இயலாது. பிரதமராயிருந்த ராஜீவ் காந்தியின் குறியே 'விக்டர் யூனிஃபார்ம் டூ ரோமியோ கால்ஃப்'தான். என் குறியில், துரதிர்ஷ்டவசமாக, ஒரு ஜூலியட் இருக்கிறாள்.

சாயங்காலம் கம்பியைக் கட்டிப் பரீட்சித்துக்கொண்டிருந்தபோது மாமியார் அருகே வந்தார்.

"விக்டர் யாரு, மாப்பிள்ளை? உங்க ஆபீஸா?"

"அது வெறும் எழுத்து, அத்தை."

"எழுத்துக்கு எதுக்கு யூனிஃபார்ம்?"

விளக்கினேன். விளங்கியதாகத் தலையசைத்துவிட்டு, ஜூலியட் என்ற சொல் காதில் விழுந்த ஒவ்வொரு தடவையும் அவர் தம் மகளின் முகத்தைப் பார்த்தார். பொழுது சாய்ந்ததும், விக்டர் வழி தெரியாமல் திண்டாடுகிறாரோ என்று வரப்புப் பக்கம் டார்ச் அடித்தார். அவர் சைவமா என்று விசாரித்தார். சாப்பாட்டு வேளையில் விக்டருக்கென்று ஒரு பிடி புளியோதரையை இலையில் மடித்து எடுத்து வைத்தார், ஜூலியட்டுக்கு வைக்கவில்லை. மறுநாள் காலை அந்தப் பொட்டலத்தை நாய் தின்றிருந்தது. "பாவம், ராத்திரி லேட்டா வந்திருப்பார்" என்றார்.

2002இல் பிரிட்டனில் தொடங்கிய மலையுச்சி வானொலித் திட்டத்தின் விதிப்படி, கருவிகளைத் தானே சுமந்து ஏறி, குறைந்தது நால்வருடன் தொடர்புகொண்டால்தான் புள்ளி. அந்த விதியையே எனக்கு நானே விதித்துக்கொண்டு அடிவாரம் சேர்ந்தபோது, நரசிம்மசுவாமி கோயில் வாசலில் தூண்டிற்கழியைக் கண்ட பூக்காரம்மாள், இங்கே இருப்பவர் நரசிம்மர், மச்சாவதாரம் அல்ல என்று கன்னடத்தில் எச்சரித்தாள். மலை 1226 மீட்டர். பெங்களூரே 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஏறவேண்டியது கொஞ்சம்தான் என்று என் மகன் கணக்குச் சொன்னான். வழுக்குப் பாறையில் பாட்டரியைச் சுமந்தவன் நான்.

உச்சியில் முதல் மூவரும் "ஐந்து ஒன்பது" என்றார்கள். நானும் "ஐந்து ஒன்பது" என்றேன். உம் குரல் எனக்கு நன்றாகக் கேட்கிறது என்று அவர்களும், உம்முடையதும் எனக்கு அப்படியே என்று நானும் தெரிவித்துக்கொண்டதற்கு மேல் சம்பாஷணை ஒன்றுமில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானின் தொலைபேசிகளை ஊமையாக்கியபோது, அங்கே வந்திருந்த ஹாம்களே செய்தி சுமந்தார்கள் என்று வீட்டில் எத்தனையோ தடவை பிரசங்கம் செய்திருக்கிறேன். பேரலை வராத நாட்களில் என்ன பேசுவது என்பதைத்தான் எவரும் வகுத்து வைக்கவில்லை.

அரைமணி நேரம் கூவிய பிறகு மைசூரிலிருந்து நான்காமவர் அகப்பட்டார். "ரொம்ப இரைச்சல் சார், மொபைல் நம்பர் சொல்லுங்க, கூப்பிடறேன்" என்றார். சொன்னேன். அத்தனை இரைச்சலிலும் பத்து இலக்கமும் பிசகாமல் அவருக்குக் கேட்டன. மறு நிமிஷம் மனைவியின் கைப்பையிலிருந்த என் கைபேசி மணியடித்தது.

"ஹலோ சார், கேட்கிறதா?"

மனைவி சிரிக்கவில்லை என்பதுதான் பொறுக்கவில்லை. நான்காவது தொடர்பு பாக்கி நிற்கிறது. உரிமம் பெற்ற வாசகர் எவரேனும் இருந்தால், வரும் ஞாயிறு காலை ஏழு மெகாஹெர்ட்ஸில் காது கொடுங்கள். ஒரே ஓர் "ஐந்து ஒன்பது" போதும். தயவுசெய்து தொலைபேசி எண் கேட்காதீர்கள்.