வலைக்குப் பதில் மல்டிமீட்டர்

பழவேற்காட்டு மீனவப் பையனுக்கு ஒரு நல்வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். வலையைக் கீழே போடு, மல்டிமீட்டரை எடு. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், இரண்டே வருஷம், வேலை உன் வாசலில் வந்து நிற்கும். எந்த வாசலில் என்று கேட்காதே. கேட்டால் நீ வளர்ச்சிக்கு விரோதி.

வாசலுக்கு வந்த வேலையைப் பக்கத்துக் காட்டுப்பள்ளி பார்த்திருக்கிறது. துறைமுகத்துக்காக இடம்பெயர்ந்த மீனவர்கள் தங்களுக்கு நிரந்தர வேலை என்று வாக்குத் தரப்பட்டதாகச் சொல்கிறார்கள். கையில் வந்தது கான்ட்ராக்ட். 2018இல் துறைமுகம் எல் அண்ட் டியிடமிருந்து அதானிக்குப் போனது. முதலாளிகள் மாறிக்கொள்ளலாம். தற்காலிகத் தொழிலாளி மட்டும் நிரந்தரமாகத் தற்காலிகமாகவே இருக்க வேண்டும்!

பழவேற்காடு ஏரியில், மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை இருக்கிறது. பட்டினவர் சாதி அல்லாதவருக்கு அதில் இடமில்லை, அது பெரிய குறை. ஆனால் பாடு உள்ள ஒவ்வொருவனுக்கும் முறை வந்தே தீரும். கான்ட்ராக்டரின் வரிசையில் யாருக்கு எப்போது முறை வந்தது?

சரி, படித்து முடித்து அப்ரன்டிஸ் ஆகிறான். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அவன் பயிற்சியாளன், தொழிலாளி அல்ல. நாள் முழுக்கச் சால்டரிங் புகையை இழுத்தாலும் தொழிலாளி அல்ல. அந்தச் சட்டம் நுரையீரலுக்குத் தெரியாது. தொழிலாளியே ஆனாலும் என்ன? ஸ்ரீபெரும்புதூர் சாம்சங்கில் சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டு 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

எதிர்க்கரையில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டுப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாடு அண்ணாந்து பார்த்துக் கைதட்டும் நேரத்தில் இங்கே உலை ஏறாது. அங்கேயும் எலக்ட்ரானிக்ஸ் ஐ.டி.ஐ. படித்தவனுக்கு டெக்னீஷியன் வேலை உண்டு, நாடெங்குமிருந்து போட்டி போட வேண்டும். ராக்கெட்டுக்காகக் கரையில் சும்மா உட்கார்ந்த நாட்களுக்கு அந்தத் தேர்வில் அரை மார்க்கும் இல்லை.

2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்த திட்டம் ஒன்று: 364 கோடி ரூபாய், 1 லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர். புயலில் உயிர் காக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உப்புக்காற்றில் ஒயர் பச்சை பூத்துப்போகும். டிரான்ஸ்பாண்டர், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் கரைக்கு வந்ததும் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். அலையும் தெரிந்து சர்க்யூட்டும் தெரிந்த பையனைவிட யார் பொருத்தம்? குப்பத்துக்கு ஒரு பட்டறை, நியாயமான சம்பளம், போதும்.

தரமாட்டார்கள். பட்டறை வைத்துக் கொடுத்தால் அவன் ஊரிலேயே தங்கிவிடுவான். 330 ஏக்கர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கும் மேல் விரிக்க ஒரு திட்டம் காத்திருக்கிறது. அதற்குத் தேவை டெக்னீஷியன் அல்ல, ஆளில்லாத கடற்கரை.