சண்டைதான் பொய்யி, வசவு மெய்யி

ஏப்பு, பொம்பளைங்க மல்யுத்தத்தை வச்சு அமெரிக்காக்காரன் ஒரு தொடர் எடுத்தாலும் எடுத்தான், அதைப் பாத்தவுக பேசுற பேச்சு அந்தச் சண்டையவே தூக்கிச் சாப்பிட்டுருச்சு. பேத்தி புண்ணியத்துல நானும் 30 பகுதியையும் பாத்து முடிச்சவன்தான். ‘க்ளோ’ன்னு பேரு. 2017-லருந்து 2019 வரைக்கும் நெட்பிளிக்ஸ்ல மூணு சீசன் வந்துச்சு. லிஸ் ஃபிளாஹிவ், கார்லி மென்ஷ்னு ரெண்டு பொம்பளைக சேந்து உருவாக்குனது. கதை 1985-ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆரம்பிக்குது. வேசம் கிடைக்காம அலையிற நடிகை, நடிப்புன்னா என்னன்னே தெரியாத பிள்ளை எல்லாத்தையும் ஒரு கொட்டகையில கூட்டி, டிவிக்காக மல்யுத்தம் பழக்கி விடுறாக. இது முழுக்கக் கட்டுக்கதையும் இல்ல. 1986-ல இதே பேருல நெசமாவே ஒரு நிகழ்ச்சி அமெரிக்க டிவியில ஓடியிருக்கு. லாஸ் வேகாஸ்ல ரிவியரா ஓட்டல்ல வச்சு எடுத்தாக.

இந்தத் தொடரைப் பாத்தவுகள்ல பல ரகம் இருக்கு. ரகத்துக்கு ஒரு புத்திமதி வச்சிருக்கேன். காசா பணமா, கேட்டுட்டுப் போங்க. கேட்டு நடக்குறது உங்க பாடு.

மொத ரகம், துப்பறியிற ரகம். “தாத்தா, அம்புட்டும் பொய்ச்சண்டை. யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சிருக்காளுக”ன்னு காதுக்குள்ள வந்து ரகசியம் சொல்லுவான். அடேயப்பா, என்னா கண்டுபிடிப்பு! 1989-லயே அங்க இருந்த பெரிய மல்யுத்தக் கம்பெனி நியூ ஜெர்சி மாநில செனட்டுக்கு முன்னால ஒத்துக்கிருச்சு, இது போட்டி இல்ல, கேளிக்கைன்னு. மனசாட்சி உறுத்தி ஒண்ணும் ஒத்துக்கிறல. போட்டின்னு சொன்னா மாநில விளையாட்டு ஆணையத்துக்குக் கட்டுப்படணும், வரி கட்டணும். கேளிக்கைன்னு சொன்னா தப்பிச்சுக்கலாம். வரிய மிச்சம் பண்றதுக்காக உண்மையச் சொன்னான் பாரு, அவன் கெட்டிக்காரன். அவன் ஊரறியச் சொன்னதை இம்புட்டு வருசம் கழிச்சு ரகசியமாச் சொல்றியே, நீ அவனுக்கும் மேல.

ஜெயிக்கிறவ யாருங்கிறதுதான்ப்பு பொய்யி. விழுகுறது பொய்யில்ல. அந்த மேடையக் கொஞ்சம் கவனிச்சுப் பாரு. அடியில இரும்புச் சட்டம், அதுக்கு மேல பலகை, பலகைக்கு மேல மெல்லிசா ஒரு மெத்தை, அதை மூடி ஒரு கித்தான் துணி. அம்புட்டுத்தான். அதுல மல்லாக்க விழுகணும். தாடையை நெஞ்சோட ஒட்டிக்கிறணும், இல்லாட்டிப் பின்மண்டை பலகையில மோதிரும். மேல் முதுகு மொத்தமும் ஒரே நேரத்துல படணும், ரெண்டு கையும் தரையில அறையணும், மூச்சை வெளிய விடணும். ‘தொம்’முனு கேக்குற சத்தத்துல பாதி நடிப்பு, பாதி முதுகு. ஒருத்தி இன்னொருத்தியத் தலைக்கு மேல தூக்குறாளே, அதுல தூக்குறவ பலம் கொஞ்சந்தான். தூக்கப்படுறவ சரியான நேரத்துல எக்கிக் குடுக்கணும். ஒருத்தி உசுரு ஒருத்தி கையில. சாவோ கெரெரோ ஜூனியர்னு, பரம்பரை மல்யுத்தக் குடும்பத்து ஆளு ஒருத்தர்தான் இந்த நடிகைகளுக்குப் பழக்கி விட்டவரு. அவரோட சித்தப்பன் மேண்டோ கெரெரோதான் 1980-கள்ல அந்த நெசமான நிகழ்ச்சிப் பொண்ணுகளுக்கும் வாத்தியாரு. நடிகைக பெரும்பாலும் அவுகளே விழுந்து எந்திரிச்சிருக்காக. இந்தத் தொடருக்குச் சண்டை அமைச்ச ஷானா டக்கின்ஸ் 2018-ல எம்மி விருது வாங்குனா. அந்தப் பிரிவுல விருது வாங்குன மொத பொம்பளை அவதான். கட்டில்லருந்து இறங்குறப்பக் கால் பிசகுனா மூணு நாளு லீவு போடுற பேராண்டி, இவளுகளப் பாத்து பொய்யின்னு சொல்றதுக்கு முந்தி, வீட்டுத் திண்ணையில ஒரு தடவை மல்லாக்க விழுந்து காட்டு. தைலத்தோட நான் நிக்கிறேன்.

ரெண்டாவது ரகம், பளபளா உடுப்பைப் பாக்க வந்த ரகம். பாவம், ஏமாந்து போனாக. கால்வாசி நேரந்தான் மேடை, மிச்சமெல்லாம் வீட்டு வாடகை, கைக்குழந்தை, விவாகரத்து, வாய்ப்பில்லாத வயித்தெரிச்சல். பாதியில எந்திரிச்சுப் போனவுகளுக்கு நான் சொல்ல ஒண்ணுமில்ல. போற வழியில நல்லா பாத்துப் போங்கப்பு.

மூணாவது ரகம், பஞ்சாயத்து ரகம். இதுல ஆம்பளை பொம்பளை பேதமே இல்ல. கதையில ரூத்னு ஒருத்தி, அலிசன் பிரீ நடிச்சது. டெபின்னு அவ சிநேகிதி, பெட்டி கில்பின் நடிச்சது. சிநேகிதி புருசனோட ரூத் போயிட்டா. டெபிக்குத் தெரிஞ்சு, நேரா பயிற்சி மேடைக்கே வந்து ரூத்தைப் போட்டு அடிக்கிறா. அந்த அடியப் பாத்துட்டுத்தான் இயக்குநரு சாம், மார்க் மேரன் நடிச்சது, ‘ஆகா, இதுவல்லவா மல்யுத்தம்’னு வாயப் பொளக்குறாரு. அங்கருந்து டெபிக்கு அமெரிக்க வீராங்கனை வேசம், ரூத்துக்கு ரசியாக்காரி வேசம். துரோகம் பண்ணவளும் துரோகத்துக்கு ஆளானவளும் ஒருத்தி கையப் புடிச்சு ஒருத்தி சுழட்டி விடணும்.

இதுல ரூத் கச்சி, டெபி கச்சின்னு பாத்தவுக ரெண்டாப் பிரிஞ்சு மல்லுக்கு நிக்கிறாக. ரெண்டாவது சீசன்ல டெபி மேடையில ரூத் காலை முறிச்சிருவா. அதுக்கப்புறம் ஆசுபத்திரியில ரெண்டு பேரும் கத்தித் தீக்குறாளுக பாரு, மேடையில போட்ட சண்டையெல்லாம் அதுகிட்ட நிக்காது. கால் முறியிறதுக்கு ஒரு பகுதி முந்தி இன்னொண்ணு நடக்குது. டிவி நிலையத்துப் பெரிய மனுசன் ரூத்தை ஓட்டல் அறைக்கு வரச் சொல்லிக் கையப் புடிக்கிறான். அவ தப்பிச்சு ஓடியாறா. அந்தக் கோவத்துல இவுக நிகழ்ச்சியத் தூக்கி ராத்திரி 2 மணிக்குப் போட்டுர்றான். டெபி யாரத் திட்டுறாங்கிற? அந்த ஆளை இல்ல, ரூத்தை. ‘கொஞ்சம் சிரிச்சுச் சமாளிச்சிருக்கக் கூடாதா’ன்னு. பாத்தவுகள்லயும் எத்தனையோ பேரு டெபிய வஞ்சாக, ரூத்தை வஞ்சாக. அந்த டிவி நிலையத்துக்காரனை வையிறதுக்குத்தான் ஆளு கம்மி. பஞ்சாயத்துக்காரரே, ரெண்டு பொம்பளைக மோதுனா சம்மணம் போட்டு உக்காந்து தீர்ப்புச் சொல்றீரே, மூணாவதா ஒருத்தன் நைசா நழுவிப் போறானே, அவன் உம்ம கண்ணுக்குத் தெரியலியா? ரூத்துக்கும் சாமுக்கும் எப்பக் கல்யாணம்னு கேட்டு நாள் பாக்குற தரகர்களும் இதே கூட்டந்தான். தரகு கிடைக்காது, கிளம்புங்க.

நாலாவது ரகம், சிரிக்கிற ரகம். இங்கதான்ப்பு கொஞ்சம் நிதானமா உக்காரணும்.

மல்யுத்தத்துல நல்லவ ஒருத்தி, கெட்டவ ஒருத்தி வேணும். நம்ம சினிமா வில்லன் நம்பியாரு மாதிரித்தான். திரையில அவரு வந்தாலே கொட்டகையில பொம்பளைக மண்ணை வாரித் தூத்துவாக. நெசத்துல அவரு வருசா வருசம் மாலை போட்ட சபரிமலை குருசாமி. ஆனா நம்பியாரு அவரு சாதியினால கெட்டவனா வரல, முழியினால வந்தாரு. இந்தத் தொடர்ல சாம் என்ன பண்றாருன்னா, பொண்ணோட நிறத்தைப் பாத்து, மூக்கைப் பாத்து வேசம் குடுக்குறாரு. ஆர்த்தி பிரேம்குமார்னு ஒரு மருத்துவம் படிக்கிற பிள்ளை. பேரைக் கேட்டா பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்குல்ல? இந்திய வம்சாவளி நடிகை சுனிதா மணி நடிச்சது. அந்தப் பிள்ளைக்குக் குடுத்த வேசம், பெய்ரூட்லருந்து வந்த குண்டு வைக்கிறவ. கம்போடியாவுல பொறந்தவளுக்குச் சீனாக்காரி வேசம். அவுக ஊர்ல இதெல்லாம் ஒரே தட்டுல போடுற சோறு.

ஆர்த்தி மொத மொதக் கூட்டத்து முன்னால ஏறுறப்பச் சிரிச்ச முகமாத்தான் ஏறுனா. கூட்டம் கத்த ஆரம்பிக்குது. மொதல்ல விளையாட்டாத்தான் கத்துறாக. கொஞ்சத்துல குரல் மாறுது. பியர் டப்பா பறந்து வருது. அவ முகத்தைப் பாரு, நடிப்பு எங்க நின்னு பயம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியும். அவ கையில இருந்தது பொய்யான குண்டு. அவுக வாயில இருந்து வந்தது பொய்யில்ல.

அதை விட ஒரு படி மேல, ரெண்டாவது சீசன் நாலாம் பகுதி. டம்மேன்னு ஒரு கறுப்பினத் தாயி. நடிச்ச கியா ஸ்டீவன்ஸ் நெசத்துலயும் பேரு வாங்குன மல்யுத்தக்காரி. அவளுக்குக் குடுத்த வேசம், அரசாங்க உதவிப் பணத்துல சொகுசா வாழுற சோம்பேறி மகாராணி. அந்த வேசம் எங்கருந்து வந்துச்சுங்கிற? 1976-ல அதிபர் வேட்பாளராகணும்னு கட்சிக்குள்ள போட்டி போட்ட ரொனால்டு ரீகன், சிகாகோவுல ஒருத்தி பல பொய்ப்பேரை வச்சுக்கிட்டு அரசாங்கப் பணத்தை அள்ளுறாள்னு ஊர் ஊராக் கதை சொன்னாரு. ஒருத்தி கதை ஒரு இனத்துக்கே முத்திரையாப் போச்சு. டம்மேவோட மகன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல படிக்கிறான். அவ உழைச்சுப் படிக்க வச்ச பய. ஆத்தா டிவியில என்ன பண்றான்னு பாக்கணும்னு கூட்டத்துல வந்து உக்காந்துட்டான். மேடையில வெள்ளைக்கார வீராங்கனைகிட்ட அவ அடி வாங்குறா. கூட்டம் மொத்தமும் கையத் தட்டித் தாளம் போட்டு, ‘வேலைக்குப் போ, வேலைக்குப் போ’ன்னு கத்துது. அவ அப்ப வேலையிலதான் இருக்கா! அவ பாக்குற வேலையே அந்தக் கூட்டத்துகிட்ட அடி வாங்குறதுதான். மகன் பாத்துக்கிட்டே இருக்கான். அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது. அந்த அழுகையக் கூட்டம் நடிப்புன்னு நெனைக்குது.

அதுக்கு முந்தின பகுதி வரைக்கும் அந்தச் சோம்பேறி மகாராணியப் பாத்து நீயுந்தான சிரிச்ச? நானுந்தான் சிரிச்சேன். சிரிச்ச சிரிப்பெல்லாத்தையும் சேத்து வச்சு அங்க கணக்குக் கேக்குறாக பாரு, அதுதான் இந்தத் தொடரோட கெட்டிக்காரத்தனம். ‘இதெல்லாம் சும்மா தமாசு தாத்தா’ன்னு சொல்ற பேராண்டி, தமாசுல அடி யாருக்கு விழுகுதுன்னு பாத்துட்டு அப்புறம் சிரி. அடி வாங்குறவ கூடச் சேந்து சிரிச்சா அது தமாசு. அவ அழுதா அதுக்கு வேற பேரு.

அஞ்சாவது ரகம், ‘சண்டை கொறஞ்சு போச்சு’ ரகம். மூணாவது சீசன்ல எல்லாரும் லாஸ் வேகாசுக்குப் போயி ஓட்டல் மேடையில தெனமும் ஒரே ஆட்டத்தை ஆடுறாக. மேடைக் காட்சி குறைவு, ஓட்டல் அறையில பேசுறது நிறைய. பாத்தவுக பலபேருக்குக் கோவம். ஒரே சண்டையத் தெனம் போட்டா ஆடுறவளுக்கு எப்படியிருக்கும்னு காட்டுறதுதான்ப்பு அந்த சீசன். டம்மேவுக்கு முதுகே போயிருது. வலிய மறைச்சுக்கிட்டு மேடையேறப் பாக்குறா. உனக்குச் சண்டை போதல, அவளுக்கு முதுகு போதல. ஆனா ஒண்ணு, ஆளுக்கொரு கதையா இழுத்து விட்டதுல சில நூலு அத்துப் போச்சு, அதை ஒத்துக்கிறேன். ஆளு 14 பேருக்கு மேல, நேரமோ பகுதிக்கு அரை மணிக்குச் சொச்சம்.

கடைசி ரகம், ஒப்பாரி ரகம். நாலாவது சீசன்தான் கடைசின்னு சொல்லிப் படப்பிடிப்பும் ஆரம்பிச்சாக. 2020 மார்ச்சுல கொரோனா வந்து நிறுத்துச்சு. அக்டோபர்ல நெட்பிளிக்ஸ் மொத்தமா மூட்டை கட்டிருச்சு. ஒருத்தி மேல ஒருத்தி ஏறிப் பொரளுற ஆட்டத்தை நோய்க்காலத்துல எப்படிப் படம் புடிக்கிறது? பாத்தவுக அழுதாக, ஒரு படமாவாவது எடுத்து முடிங்கன்னு மார்க் மேரனே கேட்டாரு. ஒண்ணும் நடக்கல. ரூத்தும் டெபியும் விமான நிலையத்துல பாதிப் பேச்சுல நின்னது நின்னதுதான்.

அந்த அழுகைச் சத்தத்துல ஒரு விசயம் சரியாக் காதுல விழுகல. சுனிதா மணியும் கியா ஸ்டீவன்சும் உள்ளிட்ட ஆறு நடிகைக, தயாரிப்பாளர்களுக்குத் தாங்க எழுதுன கடிதத்தை அதே அக்டோபர்ல வெளியிட்டாக. வெள்ளைக்காரி இல்லாத எங்களுக்கு இனத்தைச் சொல்லிக் கேலி பண்ற வேசத்தைக் குடுத்துட்டு, கதையில ஓரமா நிறுத்திட்டீகங்கிறதுதான் சாரம். நாலாவது சீசன்ல அதைச் சரிபண்றதாப் பேச்சு. அதுக்குள்ள கதவைச் சாத்திட்டாக. கூட்டத்தைக் கேள்வி கேட்ட தொடரு, தன்னோட வீட்டுக்குள்ளயும் அதே கேள்விக்குப் பதில் சொல்லணும்ல?

இன்னும் பாக்காதவுக பாருங்க. முடிவு இல்லாத கதைன்னு தெரிஞ்சே பாருங்க. யாரு ஜெயிச்சான்னு கணக்கு வைக்காதீக, அது முன்னாடியே பேசி வச்சது. அந்தக் கூட்டம் கத்துறப்ப நீங்க எந்தப் பக்கம் கத்துனீகன்னு மட்டும் ஒரு கணக்கு வச்சுக்கங்க. அதை யாரும் உங்களுக்கு எழுதிக் குடுக்கல.